புது ஸ்பீக்கர் வாங்குறதுக்கு முன்னாடி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்டீரியோ சரியா கேக்கலன்னதும் எல்லாரும் புது ஆம்ப்ளிஃபையர், விலை கூடின கேபிள்னு ஓடுறாங்க, காசே செலவு பண்ணாம சரி பண்ற வழிய யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, அதான் எழுதுறேன்.

மொதல்ல ஸ்பீக்கர மூலையில இருந்து வெளிய இழுங்க. சுவரோட ஒட்டி, அதுலயும் மூலையில வெச்சா பேஸ், அதாவது கனமான அடிச்சத்தம், வீங்கிப்போய் பாடுறவங்க குரலையே அமுக்கிடும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல எவ்ளோ தூரமோ அதே தூரத்துல நீங்க உக்காரணும், ட்வீட்டர், அதாவது ஸ்பீக்கர் பெட்டியில மெல்லிசான உச்சச் சத்தத்துக்குன்னு இருக்குற சின்ன வட்டம், காது உயரத்துக்கு வரணும். அலமாரி மேல ஒண்ணு தரையில ஒண்ணுன்னு வெச்சா எப்படிங்க ஸ்டீரியோ கேக்கும்?

அடுத்தது வயர். பின்னாடி சிவப்பு, கறுப்பு டெர்மினல பாருங்க, ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் ப்ளஸ் மைனஸ் மாறிப்போயிருந்தா ஒரு ஸ்பீக்கரோட கோன், அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்புற கூம்பு, முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்கும், பேஸ் காணாம போயிடும், நட்ட நடுவுல கேக்க வேண்டிய குரல் எங்கயோ சிதறிடும். ஆம்ப்ளிஃபையர ஆஃப் பண்ணிட்டு மாத்தி மாட்டுங்க, 2 நிமிஷ வேலை.

வெறும் தரைன்னா கார்பெட் விரிங்க. அப்புறம் பக்கத்து சுவத்துல ஒருத்தர முகம் பாக்குற கண்ணாடிய நகத்திக்கிட்டே போகச் சொல்லுங்க, நீங்க உக்காந்த எடத்துலேர்ந்து ஸ்பீக்கர் அதுல எங்க தெரியுதோ அங்கதான் சத்தம் பட்டுத் திரும்புது, அங்க கனமான திரையோ புத்தக அலமாரியோ இருந்தா குரல் நல்லாவே தெளியும்.

புது மாடல் விமர்சனம் போடுற பக்கத்துல இதுக்கும் கொஞ்சம் எடம் குடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்