பெட்டியின் மேல் இன்னும் இரண்டு வரி: மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். விலை குறைந்த லேப்டாப்களில் சேமிப்பிடத்தைக் கூட்ட முடியாமல் மக்கள் படும் பாட்டைப் பற்றி எழுதுகிறேன். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. உங்கள் துறையின் கையில் ஏற்கெனவே இருக்கும் விதியே போதும்.

கல்லூரி திறக்கும் சமயத்தில் கடைக்கு வருகிறவர்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: “சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது, அப்டேட் ஏற மாட்டேன் என்கிறது, ஒரு எஸ்எஸ்டி போட்டுக் கொடுங்கள்.” எஸ்எஸ்டி என்பது தனியாக வாங்கிப் பொருத்தும் சேமிப்பகம். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் அதைப் போட இடமே இருக்காது. 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். விலை குறைந்த போன்களில் இருக்கும் அதே வகைச் சில்லுதான். அதைக் கழற்றிப் பெரியதாக மாற்றுவது பெரும்பாலான கடைகளில் நடக்காத காரியம். செய்யத் தெரிந்தவர் கேட்கும் கூலியோ லேப்டாப்பின் விலையோடு போட்டி போடும்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச சேமிப்பிடமே 64 ஜிபி. ஆக, பெட்டியைப் பிரிக்கும்போதே அந்த லேப்டாப் எல்லைக் கோட்டில் நிற்கிறது. 64 என்று விற்பது விண்டோஸ் கணக்கில் 60-க்கும் கீழே. அதிலிருந்து இயங்குதளம், மீட்புப் பகுதி, அப்டேட்டுக்காக விண்டோஸ் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் ஏறக்குறைய 7 ஜிபி எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். ஆபீஸும் ஒரு பிரவுசரும் போட்டு, நாலு வகுப்பு வீடியோவை இறக்கினால் கதை முடிந்தது. இதற்கு முன் வந்த 32 ஜிபி லேப்டாப்களின் நிலை இன்னும் மோசம். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11-க்குப் போகவும் அவற்றில் இடமில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த லேப்டாப்களில் பெரும்பாலும் 4 ஜிபி ரேம்தான். ரேம் போதாதபோது விண்டோஸ் அதே சில்லில்தான் தற்காலிகமாக எழுதி அழித்துக்கொண்டிருக்கும். சில்லில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு கொண்டது. எப்போதும் நிரம்பியே கிடக்கும் சில்லு அந்த வரம்பைச் சீக்கிரம் தொடும். தனி எஸ்எஸ்டி கெட்டால் வேறொன்று வாங்கிப் போட்டுவிட்டுப் போகலாம். இது கெட்டால் பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டும், உள்ளே இருந்த கோப்புகள் போனது போனதுதான். மெமரி கார்டு போட்டுச் சமாளிக்கலாமே என்பார்கள். படமும் பாட்டும் வைக்க அது சரி. அப்டேட்டுக்கு சி டிரைவில்தான் இடம் வேண்டும்.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இணைப்பான், தனி எஸ்எஸ்டி எல்லாம் வைத்தால் விலை ஏறும், தடிமனும் கூடும். கையில் இருக்கிற பணத்துக்கு அதைத்தான் தர முடியும் என்றால் தரட்டும். பற்றவைப்பதைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. வாங்குவதற்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது அதைச் சொல்கிறவர் யாருமில்லை. பெட்டியில் ‘64 ஜிபி’ என்றோ ‘128 ஜிபி’ என்றோ மட்டும் போட்டிருக்கும். விற்கிறவரைக் கேட்டால், “அப்புறம் போட்டுக்கலாம் சார்” என்பார். பாவம், அவருக்கும் தெரியாது. எனக்கே மூடியைத் திறக்காமல் சொல்ல முடிவதில்லை. ஒரே மாடல் பெயரில் வரும் இரண்டு லேப்டாப்களில் ஒன்றில் மெல்லிய எஸ்எஸ்டி அட்டையைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருக்கும். இன்னொன்றில் ஸ்லாட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஈயப்புள்ளிகள் மட்டும் இருக்கும். சிலவற்றில் 2.5 அங்குல டிரைவுக்கு இடம் விட்டிருப்பார்கள், ஆனால் அதற்கான கேபிளும் பிராக்கெட்டும் வராது. ஸ்லாட் இருந்தாலும் தலைவலி தீராது. எம்.2 அட்டைகள் 30, 42, 80 மில்லிமீட்டர் என்று பல நீளத்தில் வருகின்றன. 42-க்கு மட்டும் இடமுள்ள லேப்டாப்புக்கு, சந்தையில் சுலபமாகக் கிடைக்கும் 80-ஐ வாங்கி வந்து நிற்பவர்கள் நிறைய. அளவு சரியாக இருந்தாலும் ஸ்லாட் சாட்டா என்ற பழைய இணைப்பு முறையை மட்டும் பேசுவதாக இருந்தால், அதில் என்விஎம்இ என்ற புதிய முறை அட்டை போட்டும் பயனில்லை, கணினி அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். உறையைப் பிரித்துவிட்டால் ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பித் தருவதும் பெரும்பாடு.

உங்கள் துறையின் பொட்டலப் பொருள் விதிகள் 2011 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஒரு பிஸ்கட் பாக்கெட்டில்கூட எடை, விலை, தயாரித்தவர் முகவரி எல்லாம் அச்சிட வேண்டும். 2022 ஜூலையில் மின்னணுப் பொருட்களுக்குச் சில விவரங்களை க்யூஆர் குறியீடு வழியாகத் தரலாம் என்று ஓராண்டுக்குச் சலுகையும் கொடுத்தீர்கள். அதே வழியை இதற்கும் திறந்துவிட்டால், பெட்டியில் இடமில்லை என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது. சேமிப்பகம் பற்றவைத்ததா, மாற்றக்கூடியதா. கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா. இருந்தால் எந்த நீளம், சாட்டாவா என்விஎம்இயா, அதிகபட்சம் எத்தனை ஜிபி. பின்மூடியை வெளியாள் திறந்தால் வாரண்டி நிற்குமா போகுமா. இவ்வளவுதான் வேண்டும். இரண்டு வரியில் அடங்கிவிடும்.

பிரான்ஸில் 2021 ஜனவரி 1 முதல் லேப்டாப் விலைக்குப் பக்கத்திலேயே ‘இதைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது’ என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டாக வேண்டும். நீங்களும் 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கினீர்கள். இதே போன்ற மதிப்பெண் முறையை இங்கே கொண்டுவர 2024-இல் ஒரு குழுவும் அமைத்தீர்கள். அந்தக் குழுவின் அறிக்கை ஸ்மார்ட்போன், டேப்லெட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. சரி, எங்காவது ஆரம்பிக்கத்தானே வேண்டும். ஆனால் லேப்டாப்பின் முறை வரும்போது திரை, பேட்டரி, சார்ஜிங் போர்ட்டோடு நின்றுவிடாதீர்கள். சேமிப்பகத்தையும் முக்கிய பாகமாகக் கணக்கில் எடுங்கள். பற்றவைத்த சில்லுக்கு அந்த இடத்தில் பூஜ்யம் போடுங்கள்.

அந்த மதிப்பெண் முறை வரும்வரை காத்திருக்காமல் பெட்டியில் அச்சிடும் வரிகளுக்கு மட்டும் இப்போதே ஓர் உத்தரவு போட முடியும். ஆன்லைன் கடைகளின் விவரப் பக்கத்துக்கும் அது பொருந்துமாறு எழுதுங்கள். இந்த விலையில் லேப்டாப் வாங்குகிறவர்கள் பலர் அங்கேதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப்டாப் பழுது பார்ப்பவர்