நடைபாதை சரி, நிழல் எங்கே?

ஆசிரியருக்கு,

‘துபாய் வாக்’ திட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 டிசம்பரில் அறிவித்த இத்திட்டப்படி, புதிதும் சீரமைப்புமாக 6,500 கி.மீ. நடைபாதை வரும், பயணங்களில் நடந்தும் சைக்கிள் போன்றவற்றிலும் செல்வோரின் பங்கு 13 சதவீதத்திலிருந்து 2040-க்குள் 25 சதவீதமாக உயரும் என்கிறார்கள். காருக்கென்றே வளர்ந்த நகரம் இப்படி யோசிப்பது நல்ல விஷயம்தான். ஆனால் கட்டுரை முழுக்க நீளக் கணக்கு. நிழலைப் பற்றிப் பேச்சே இல்லை. கோடையில் நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்க அந்நாட்டுச் சட்டமே தடை விதிக்கிறது. அந்த வெயிலில் யார் நடப்பார்கள்?

துபாயின் தேரா பகுதியில் பல ஆண்டுகள் தங்கி வேலை பார்த்தவன் நான். மெட்ரோவுக்குள் குளுகுளுவென்று இருக்கும். இறங்கி அறைக்குப் போகும் கால் மணி நேர நடைதான் ஆளைச் சாய்த்துவிடும். ஜூலையில் கட்டடங்களின் ஓரமாக ஒண்டி ஒண்டித்தான் போவோம். இத்தனைக்கும் துபாயிலேயே அல் ஃபஹிதி என்ற பழைய பகுதியில் சந்துகள் குறுகலானவை; இருபக்கச் சுவர்களே நிழல் தந்துவிடும். அபுதாபியில் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய மஸ்தர் நகரிலும் அதே உத்தியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். துபாயின் ‘எதிர்கால அருங்காட்சியகம்’ (Museum of the Future) இருக்கும் பகுதியின் உயர்நடைபாதையில் குளிரூட்டிய பகுதிகூட வரப்போகிறதாம், வரட்டும். தொழிலாளர்கள் நெருக்கமாக வசிக்கும் பகுதிகளில் ஏசி வேண்டாம். மெட்ரோ நிலையத்திலிருந்து 800 மீட்டர் வரையாவது மரமோ கூரையோ அமைத்துவிட்டு, அப்புறம் மற்ற இடங்களுக்குப் போகலாம்.

– முன்னாள் துபாய்வாசி, கீழக்கரை