மதியம் இரண்டரைக்கு வந்துவிடுவோம்: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

நான் செக்கிங் வேலை, அதாவது தைத்து வந்த பீஸில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை, செய்கிறவள். ஆண்டிபட்டிப் பக்கமிருந்து இங்கே வந்து 16 வருடம் ஆகிறது. ஒன்பதாவதோடு நின்றுபோன நான், 37 வயதில் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினேன். எழுத வைத்ததும் கம்பெனிதான், எழுத விடாமல் அலைக்கழித்ததும் கம்பெனிதான். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

அப்போது நான் இருந்த கம்பெனியில், "க்யூசி ஆகணும்னா பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணுங்கக்கா" என்று ஆபீசில் சொன்னார்கள். க்யூசி என்றால் தரக் கட்டுப்பாட்டு வேலை. சரி, முயன்று பார்ப்போம் என்று சேவை மையத்தில் போய் விண்ணப்பித்தேன்.

ஒன்றரை ஷிப்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை 8:30க்கு உள்ளே போனால் இரவு 8:30க்கு வெளியே. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஏகப்பட்ட எதிர்ப்பு. மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். மறுநாள் டேபிளில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம். பேசிக்கொண்டே இரவு 8:30 வரை பீஸ் பார்த்தோம்!

சமையல் முடித்துப் புத்தகத்தைத் திறக்கும்போது மணி பத்தரை ஆகிவிடும். இரண்டாவது பக்கத்திலேயே கண் சொருகும். அதனால் பேக்கிங்கில் மிஞ்சிய அட்டையைக் கிழித்து, கணக்குச் சூத்திரங்களை எழுதி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வேன். டீ டைமில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று. சமூக அறிவியல் தானாக ஏறியது. இங்கிலீஷை என் மகள் உருட்டி மிரட்டி ஏற்றினாள்.

சிக்கல் அறிவியலில் வந்தது. தனித்தேர்வர்கள் பள்ளிக்குப் போய் செய்முறைப் பயிற்சி எடுக்க வேண்டும். 80 சதவீத வருகை இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். வகுப்பு நடப்பதோ வேலை நாளில். முதல் நாள் ஒரு குவிலென்சைக் கையில் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைத் திரையில் பிடிக்கச் சொன்னார்கள். லென்சை முன்னும் பின்னும் நகர்த்தினேன். மங்கலாக இருந்த பச்சை சட்டென்று தெளிந்து, மரம் தலைகீழாக நின்றது. இலை ஆடுவதுகூடத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பையன்களுக்கு முன்பே நான் பிடித்துவிட்டேன். டியூப் லைட் வெளிச்சத்தில் ஊசி ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் வருடக்கணக்கில் தேடிய கண் அல்லவா!

அந்த வகுப்புகளுக்காக நான் சொன்ன பொய்களை இப்போது ஒப்புக்கொள்கிறேன். என்றோ செத்துப்போன பெரியப்பாவை இன்னொரு முறை சாகடித்தேன். மகளுக்கு இரண்டு தடவை காய்ச்சல் வரவைத்தேன். சாவென்றால் லீவு கிடைக்கிறது, படிப்பென்றால் சிரிப்புதான் கிடைக்கிறது. பரீட்சைக்கு மட்டும் உண்மையைச் சொல்லிக் கேட்டேன். "படிக்கிறதுன்னா படிங்கக்கா, டேபிளுக்கு வேற ஆள் பார்த்துக்கறோம்" என்றார் சூப்பர்வைசர். பார்த்தும் விட்டார்கள். பாஸ் பண்ணிய மார்க் ஷீட்டோடு வேறு கம்பெனியில், மறுபடியும் செக்கிங்கிலேயே சேர்ந்தேன்.

ஷிப்மென்ட் நெருக்கடி எனக்கும் தெரியும். லாரி வாசலில் நிற்கும்போது பத்துப் பேர் டேபிளில் ஒருத்தி குறைந்தால் மற்ற ஒன்பது பேருக்கும் கஷ்டம். ஆனால் பரீட்சைத் தேதி திடீரென்று முளைப்பதில்லை. அட்டவணை முன்கூட்டியே வருகிறது. பத்தாவதுக்கு மொத்தம் ஐந்து பரீட்சை. காலை 10 மணிக்கு ஹாலுக்குள் போனால் 1:15க்கு முடிந்துவிடும். இரண்டரைக்கு நாங்கள் டேபிளில் இருப்போம்.

அந்த அரை நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபீஸ் கட்டச் சொல்லவில்லை, ஆயுத பூஜை அன்று மேடையேற்றிச் சால்வை போடவும் வேண்டாம். பயிற்சி வகுப்பு நாளில் தாமதமாக வர விடுங்கள். பரீட்சை மாதம் மட்டும் ஒரு ஷிப்டோடு சாயங்காலம் ஐந்தரைக்கு அனுப்புங்கள். திரும்பி வரும்போது எங்கள் இடம் எங்களுக்கு இருக்கட்டும். இதை சூப்பர்வைசர் மனசுக்கு விடாமல், நீங்களே ஒரு தாளில் எழுதி பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டிவிட்டால் யாரும் பெரியப்பாவைச் சாகடிக்க வேண்டியிருக்காது.

இப்போது நான் இருக்கும் இடத்தில், டெய்லருக்கு உதவும் கைமடியாக வந்து ஓவர்லாக் தையல் மெஷின் பழகிய ஒரு பெண் பத்தாவதுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். 24 வயது. என் பழைய அட்டைகளெல்லாம் இப்போது அவளிடம்தான். வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு முதல் செய்முறை வகுப்பு. நிஜக் காரணத்தை எழுதித்தான் லீவு கேட்கப் போகிறாள்; நான்தான் எழுதச் சொன்னேன். மதியம் வந்துவிடுவாள். அதற்குள் அவள் மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு செக்கிங் தொழிலாளி