நெடுந்தீவை முதல் நாளுக்கு வை

அன்புள்ள மகனுக்கு,

பிள்ளைகளோடு ஆகஸ்டில் வரும்போது மூன்று நாளில் யாழ்ப்பாணத்து ஏழு தீவையும் பார்க்க வேணும் என்று எழுதியிருந்தாய். ஏழும் வேண்டாம், மூன்று போதும். அது சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுற காலம். பங்குனியில் குளம் மாதிரிக் கிடக்கிற கடல் அப்போது நுரைதள்ளும்.

அதனால்தான் நெடுந்தீவை முதல் நாளுக்கு வைக்கச் சொல்கிறேன். காற்றுக் கூடி லஞ்ச் (மோட்டார்ப் படகு) ஓடாவிட்டால் அடுத்த நாளுக்குத் தள்ளலாம். கொழும்புக்குத் திரும்புறதுக்கு முதல்நாள் மட்டும் போகாதே. பிற்பகல் லஞ்ச் நின்றுவிட்டால் இரவு அங்கேதான்.

பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் துறைக்கு வான் வண்டியில் ஒரு மணித்தியாலம் வரும். காலை லஞ்சுக்கு அரை மணி முந்தியே இறங்குதுறையில் நில்லுங்கள். லஞ்சின் உள்தட்டில் அரிசி மூட்டையும் டீசல் மணமும் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஓங்காளிக்கும். காற்றுப் படுகிற பின்பக்கமாக இருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறவேண்டாம். ஒரு மணித்தியால ஓட்டத்தில் பாதிக்குமேல் திறந்த கடல். இறங்குமுன் திரும்புகிற லஞ்ச் எத்தனை மணிக்கென்று ஓட்டியிடமே கேள். நேற்றைய நேரம் இன்றைக்குச் செல்லாது.

தீவு சுமார் 50 சதுர கிலோமீற்றர், நடந்து முடியாது. ஓட்டோ பிடி. ஏறுமுன் குதிரைகள், கோட்டை, பெருக்குமரம் (பாவோபாப்), புறாக்கூடு என்று இடங்களைச் சொல்லிக் கூலியைப் பேசு. சொல்லாமல் ஏறினால் பாதியில் ‘அது தூரம், வேற காசு’ என்பார்கள். சில்லறையாகக் காசு கொண்டுபோ, தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர். கோடையில் அங்கே குதிரைகளே தண்ணீருக்கு அலையும்.

பிள்ளைகளுக்கு மதில்களைக் கிட்டக் காட்டு. சாந்தே பூசாமல் முருகைக்கல்லை (பவளப்பாறைக் கல்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. கிட்டப் பார்த்தால் கல்லில் பூப்போலக் கடலின் அச்சு தெரியும். கோட்டையைவிட எனக்கு அதுதான் பெரிசு. ஏறி மிதிக்க விடாதே, ஒரு கல் நகர்ந்தால் வரிசையே சரியும்.

இரண்டாம் நாள் நயினாதீவு. அதே குறிகட்டுவான், ஆனால் இருபது நிமிடம்தான், அடிக்கடி லஞ்ச் இருக்கு. நாகபூசணி அம்மன் கோயிலில் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேணும். மத்தியானம் அன்னதானம் உண்டு, அந்த நேரத்தைப் பார்த்துப் போ. நாகவிகாரை என்கிற புத்த கோயில் நடைதூரம். போயா (பௌர்ணமி) நாளென்றால் தெற்கிலிருந்து வருகிற பஸ்களால் துறை நெரியும், தவிர்த்துவிடு.

மூன்றாம் நாள் கடல் எப்படியிருந்தாலும் கவலையில்லை. வான் வண்டியிலேயே ஊர்காவற்றுறைக்குப் போய், பாதை என்கிற மிதவையில் அதை ஏற்றிக் காரைநகருக்குக் கடந்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. நடுவில் கடற்கோட்டை தெரியும். காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் கடல் ஆழமில்லை, சின்னவளும் குளிக்கலாம். வெயில் ஏறுமுன் முடித்துக்கொண்டு பொன்னாலைப் பாலத்தால் திரும்புங்கள்.

அனலைதீவும் எழுவைதீவும் அடுத்த முறை. கச்சதீவைக் கேட்டிருந்தாய். அது மாசி பங்குனியில் வருகிற அந்தோனியார் திருநாளுக்கு மட்டும்.

சின்னவளுக்குத் தாடையில் கட்டுகிற தொப்பியாக வாங்கி வா. புங்குடுதீவுத் தாம்போதியில் (கடலுக்குக் குறுக்கே போட்ட வீதி) இறங்கினால் மற்றத் தொப்பியெல்லாம் பறந்து கடலுக்குள்தான்.

அன்புடன்,
அப்பா