டீக்கடைப் பையன் என்ன ஆனான்?

அன்புள்ள மாப்ளே,

உன் மச்சினன் கையில் நீ கொடுத்துவிட்ட புத்தகத்தில் கையெழுத்து வாங்கியாச்சு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்ற எதையும் படிக்காமல் நீ அதைத்தான் தேடுவாய். உன் பெயர், ‘அன்புடன்’, கையெழுத்து, தேதி, எல்லாம் இருக்கிறது. அட்டை போய், செலோடேப் ஒட்டி, உன் டீக்கறையோடு இருக்கிற அந்தப் பழைய பதிப்பைக் கையில் வாங்கியதும் நம்ம ஆள், அதை எழுதியவர், முதலில் பார்த்தது விலையைத்தான். “45 ரூபாயா! அப்ப இதையே அதிகம்னாங்க” என்றார்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் சிரிப்பாய், நானும் ‘சரி விடு’ என்று பாதியில் முடித்துவிடுவேன். அதோடு, உன் பாப்பா நாலு பேர் முன்னால் பேசப் பயப்படுகிறாளே, என்ன செய்யலாம் என்று நீ கேட்டதற்கும் இன்னும் நான் பதில் சொல்லவில்லை. அதுவும் இதற்குள் வரும்.

என் கதை உனக்குத் தெரியாததா. காதுகுத்து வீட்டில் மொய் எழுதினால் மைக்கில் பெயரை வாசிப்பார்கள் என்பதற்காகவே கவரை உன்னிடம் கொடுத்துவிட்டுப் பந்திக்கு நழுவுகிறவன் நான். இங்கே ஆபீஸில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வருஷக் கடைசிக் கணக்கு என்றால் ஆடிட்டர்களோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவேன், குரல் நடுங்காது. அது கம்பெனியின் கணக்கு, அதைச் சொல்கிற வாய் மட்டும்தான் என்னுடையது. அதே ஆடிட்டர் மத்தியானம் சாப்பிடும்போது, “நீங்க எந்த ஊர் சார், வீட்ல யார் யாரு?” என்று கேட்டால் போச்சு. தயிர்சாதம் தொண்டையிலேயே நிற்கும்.

நம்ம ஆளின் நாவல் இங்கிலீஷில் வந்திருக்கிறதே, அதற்காகத்தான் இந்தக் கூட்டம். இங்கே பெங்களூரில் சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு புத்தகக் கடையில், சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு. அந்தப் பக்கம் உனக்கு நினைவிருக்கும். ப்ரீமியர் கடைக்குக் கூட்டிப்போனேனே, புத்தகத்தைக் கூரை வரைக்கும் அடுக்கி, எதிரே ஆள் வந்தால் நாம் பின்னால் நடக்க வேண்டிய கடை. கடைக்காரர் ஷான்பாக் 1971-இல் தொடங்கி 2009-இல் மூடினார். எந்தப் புத்தகம் எந்தக் குவியலில் என்பது அவர் மண்டைக்குள் இருந்தது. கேட்டால் எழுந்துபோய் உருவிக் கொடுப்பார், வலிய வந்து பேச்சுக் கொடுக்க மாட்டார். எனக்கென்றே கட்டிய கடை. 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார் மனுஷன். இப்போது அந்தத் தெருவில் ப்ளாசம், புக்வோர்ம் எல்லாம் இருக்கின்றன, கங்காராம்ஸும் எம்.ஜி. ரோட்டிலிருந்து அங்கேயே வந்துவிட்டது. சனிக்கிழமை என்றால் நடக்க இடமிருக்காது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டேன். சீக்கிரம் கிளம்பினால் நடுவில் மனசு மாறித் திரும்பவும் நேரம் இருக்கும் என்பது என் கணக்கு. ஹூடியில் மெட்ரோ ஏறினேன். அவரிடம் சொல்ல நாலு வாக்கியம் போனில் எழுதி வைத்திருந்தேன், ‘உங்கள் எழுத்து என் வாழ்க்கையில்’ என்று தொடங்கும். இந்திராநகர் வந்தபோது படித்துப் பார்த்தேன், எனக்கே கூசியது. அழித்துவிட்டேன். அழித்த பிறகு, இனி சொல்ல ஒன்றுமே இல்லையே என்று வயிற்றைக் கலக்கியது. அல்சூரில் கதவு திறந்ததும் இறங்கிவிட்டேன்.

ஏரிப் பக்கம் நடந்து திருவள்ளுவர் சிலைக்குப் போனேன். 1991-இல் கொண்டுவந்து வைத்த சிலை. வைக்கக் கூடாது என்று கிளம்பிய எதிர்ப்பில் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள், அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையையும் திறந்தார்கள். 1330 குறள் எழுதியவரே 18 வருஷம் முகம் காட்டாமல் நின்றிருக்கிறார், நான் ஒரு சாயங்காலம் காட்டாவிட்டால் என்ன? நியாயமான வாதமாகத்தான் பட்டது. ஆனால் பையில் உன் புத்தகம் இருந்தது. என்னுடையது மட்டும் இருந்திருந்தால் சத்தியமாக அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். ராத்திரி நீ போன் போட்டு “வாங்குனியா?” என்று கேட்பதை நினைத்தேன், ஆட்டோ பிடித்தேன்.

கடையில் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். பாதிக்கு மேல் நம்ம பிள்ளைகள்தான், ஐ.டி. வேலை. தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள், படிக்க வராது. இங்கேயே பிறந்து வளர்ந்து கன்னடமும் இங்கிலீஷும் படித்தவர்கள். நம்ம ஆளை இங்கிலீஷில்தான் முதல் தடவை படிக்கிறார்கள். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது, ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்கும் வரைக்கும். நாவலில் வரும் குடும்பத்தின் சமையலறைக்குள் நடப்பதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளைகள் வாயாலேயே சொல்கிறீர்களே, ஏன் என்றாள். இத்தனை வருஷத்தில் நம் இரண்டு பேருக்கும் தோன்றாத கேள்வி. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் சமையக்கட்டுக்குள்ள நின்னதே இல்லையேம்மா” என்றார். 

அவரும் கூச்ச சுபாவி, கை நடுங்கியது என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும். அப்படியெல்லாம் இல்லை. மைக்கைப் பிடித்தால் விடுவதே இல்லை. நடத்திக்கொடுத்த பெண் மணியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார்.

நான் கடைசி வரிசையில், வாசலை ஒட்டிய நாற்காலியில். மைக் என் பக்கம் வரும்போதெல்லாம் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டேன். இந்த இடத்தில் உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு சமாச்சாரம். பி.டி.எம். லேஅவுட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி நடத்துகிற நல்வாழ்வு மையத்துக்குக் கொஞ்ச நாளாகப் போய்வருகிறேன். ‘நிம்ஹான்ஸா!’ என்று நீ கண்ணை விரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஆபீஸ் பையோடுதான் வருகிறார்கள்.

அங்கே ஆலோசனை சொல்கிற ஒரு அம்மா எனக்கு விளக்கினார். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்று இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-இல் எழுதியதாம். என்னைப் போன்றவர்கள் நாலு பேர் நடுவே போனதும் கண்ணை உள்பக்கம் திருப்பிக்கொள்கிறோம். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. என் குரல் உடைகிறதா, முகம் வேர்க்கிறதா, கை நடுங்குகிறதா என்று நம்மை நாமே வேவு பார்க்கிறோம். உள்ளே அடிக்கிற படபடப்பு வெளியிலும் அப்படியே தெரிகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்புறம் தப்பிக்கச் சின்னச் சின்ன வேலை செய்கிறோம். செருப்பு வார், போன், வாசலோர நாற்காலி. ஒன்றும் ஆகாமல் வீடு வந்து சேர்ந்தால், ‘அதைச் செய்ததால்தான் பிழைத்தேன்’ என்று மனசு எழுதி வைத்துக்கொள்கிறது, பயம் அப்படியே இருக்கிறது. ராத்திரி படுத்த பிறகு நடந்ததையெல்லாம் அசை போட்டு இன்னும் கேவலமாக்கிக்கொள்வது கடைசிப் பகுதி. எனக்கு அதில் முனைவர் பட்டமே கொடுக்கலாம்.

இன்னொரு ஆய்வும் சொன்னார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் கூட்டாளிகளும் செய்தது, 2000-இல் வெளியானது. போட்டுக்கொள்ளவே வெட்கப்படுகிற மாதிரி ஒரு பாடகர் முகம் அச்சடித்த டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, ஆட்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பியிருக்கிறார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், போட்டிருந்தவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்களாம். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். எனக்கு இதில் ஆறுதலைவிட எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் நான் பட்ட பாட்டை முக்கால்வாசிப் பேர் பார்க்கவே இல்லையா?

கையெழுத்து வரிசை தொடங்கியது. கடைப் பையன் ஒருவன் மஞ்சள் ஒட்டுச்சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டே வந்தான். அதில் பெயரை எழுதிப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும், எழுத்தாளர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்க வேண்டாம், பிழையும் வராது. அற்புதமான ஏற்பாடு, கல்யாண வீடுகளுக்கும் கொண்டுவரலாம். உன் பெயரை எழுதி ஒட்டினேன். என் புத்தகத்தைப் பையை விட்டு எடுக்கவில்லை. பின்னால் வந்தவர்களையெல்லாம் “நீங்க போங்க” என்று முன்னால் விட்டதில் கடைசி ஆளாகிவிட்டேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. எனக்குப் பின்னால் யாரும் இல்லை, அவருக்கும் அவசரம் இல்லை.

“ஃப்ரெண்டோடது சார், மதுரைல இருக்கான்” என்றேன். தடுமாறாமல் வந்தது. விலையைப் பார்த்து அவர் சிரித்து முடித்ததும், நீ கேட்டே ஆகணும் என்று சொன்னதைக் கேட்டேன். “சார், ஏழாம் அத்தியாயத்தோட அந்த டீக்கடைப் பையன் காணாமப் போயிடுறான். அவன் என்ன ஆனான்?”

கிணற்றடியில் கிடந்த சட்டை அவனுடையதுதான், அவன் செத்துப்போய்விட்டான் என்று நீ சாதிக்கிறாய். அவன் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டான் என்பது என் கட்சி. தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் இதற்காகவே பேச்சை முறித்துக்கொண்டு ஆளுக்கொரு பஸ்ஸில் போனோம். அவர் சொன்னதைக் கேள்.

“வாரப் பத்திரிகைல தொடரா வந்தப்ப அவனுக்கு மூணு அத்தியாயம் இருந்துச்சு. புத்தகமாப் போடுறப்ப, பேப்பர் விலை ஏறிப்போச்சு, பக்கத்தைக் குறைங்கன்னு பதிப்பாளர் சொன்னாரு. அவனை எடுத்துட்டேன்.”

பேப்பர் விலை, மாப்ளே. நம் சண்டைக்கெல்லாம் காரணம் பேப்பர் விலை.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பில் போடுகிறவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அப்புறம் பேச்சு அதுபாட்டுக்குப் போனது. அந்தத் தொடர் எந்த வருஷம் வந்தது, அந்த மூன்று அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். வீடு மாறும்போது போய்விட்டதாம். மொழிபெயர்த்தவரும் இதே பையனைத்தான் கேட்டாராம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அத்தனை நேரமும் என் கை என்ன செய்தது, குரல் எப்படி இருந்தது என்றும் தெரியவில்லை. அந்தப் பையன் ரயிலேறினானா இல்லையா என்பதிலேயே இருந்தேன். அதைக் கேட்டபோது மட்டும் அவர் பிடி கொடுக்கவில்லை. “தொடரைப் பாருங்க” என்றார்.

கடைசியில் அவரே, “உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?” என்றார். என் புத்தகத்தை எடுத்தேன். பழைய ஆள் உடனே திரும்பி வந்துவிட்டான். பெயர் என்ன என்றார், என் பெயரை என் வாயால் சொல்ல முடியவில்லை. மஞ்சள் சீட்டில் எழுதிக் காட்டினேன், போட்டுக்கொடுத்தார். “வர்றேன் சார்” என்று சொன்னேன், காதில் விழுந்ததோ என்னவோ. ராத்திரி அசை போட்டேனா என்றால், போட்டேன்.

நண்பன் பெயரைச் சொல்லிக்கொண்டு போனதும் செருப்பு வார் கேஸ்தான் என்று அந்த அம்மா சொல்வார். எனக்கு அப்படிப் படவில்லை. செருப்பு வாரைப் பிடித்துக்கொண்டால் யாரிடமும் பேசாமலே தப்பிக்கலாம். உன் கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் பேசித்தான் தீர வேண்டும்.

பாப்பா விஷயத்துக்கு இதனால்தான் வருகிறேன். பேச்சுப் போட்டியில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறாளாமே தங்கச்சி. வேண்டாம். இந்தப் பயம் பெரும்பாலும் 13, 14 வயசை ஒட்டித்தான் தலைகாட்டும் என்கிறார்கள். எனக்கும் அப்போதுதான். என்னையும் ஒரு வாத்தியார் மேடையில் ஏற்றினார், கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனது நீதான், மறந்திருக்க மாட்டாய். அதற்காக வீட்டுக்குள்ளேயே வைத்துப் பொத்திக்கொள்ளவும் கூடாது. அவள் சம்மதத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு. கடையில் உனக்காக ஒன்றை விசாரித்து வரச் சொல். வைவா என்றாலே காய்ச்சல் வருகிறது என்று எழுதியிருந்தாய், அந்த அளவுக்கு இருந்தால் நாம் வைத்தியம் பார்க்க வேண்டாம். 14416-க்கு நீ போன் பண்ணு. மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். நம்ம பெரியாஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் போனை நீயே பேசு, அவளைப் பேசச் சொல்லாதே. தெரியாதவர்களோடு போனில் பேசுவதுதான் எங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

இப்போது உனக்கு ஒரு வேலை. அந்தத் தொடர் வந்த இதழ்களைப் பிடிக்க வேண்டும். வருஷத்தையும் பத்திரிகை பெயரையும் உன் புத்தகத்தின் பின்பக்கம் குறித்திருக்கிறேன். முதலில் புதுநத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் விசாரி, உனக்குப் பக்கம்தானே. அங்கே இல்லாவிட்டால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த புத்தகங்களையும் இதழ்களையும் வைத்து 1994-இல் தொடங்கியது, பழைய பத்திரிகைகளுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு நான் வரும்போது சேர்ந்தே போகலாம். சட்டை அவனுடையது என்றால் சிம்மக்கல் கோனார் கடையில் கறிதோசை என் செலவு. ரயிலேறியிருந்தால் உன் செலவு, எனக்கு இரண்டு.

உன்,
பெங்களூர் மாப்ளே