கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண்

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பின்னால் அம்மா மிக்ஸியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் யாரால் இலக்கணம் கதைக்க முடியும்? "மேசை ஏன் டெர், கதவு ஏன் டீ என்று அவர் கேட்கிறார் அப்பா, அது அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்" என்றாய். உன்னில் பிழை இல்லை. நீ இங்கே பிறந்தவள், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிற இந்த டெர், டீ, டாஸ் உட்பட ஜேர்மன் மொழி உனக்குப் பாலோடு வந்தது. எனக்குச் சோப்புத் தண்ணியோடு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டுப் படம் எடுத்து, கேள்வி கேட்ட எங்கள் மாப்பிள்ளைத் தம்பிக்கும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடு.

1985இல் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராஸெ வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்த கதையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாய், விடுவோம். வேலை அனுமதி கிடைத்ததும் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவப் போனேன். அங்கே சமைத்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கழுவி அடுக்கிய பெட்டியிலிருந்து மூன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். கரண்டி: டெர் லொஃபல். முள்ளுக்கரண்டி: டீ காபல். கத்தி: டாஸ் மெஸர். ஆண், பெண், இரண்டும் இல்லாதது. எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "வாறும்?" ஏன்? தோளைக் குலுக்கிவிட்டு, "இஸ்ட் ஸோ" என்றார். அது அப்படித்தான். நாற்பது வருடம் கழித்து நீயும் அதையே சொல்லியிருக்கிறாய்.

தம்பிக்கு முதலில் விளங்க வேண்டியது இதுதான். நாங்கள் உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்துப் பிரிக்கிறோம். கரண்டி என்ன செய்தாலும் அது 'அது'தான். பால் காட்டுகிற வேலையை எங்களுக்கு வினை செய்கிறது: வந்தான், வந்தாள், வந்தது. ஜேர்மனில் அந்த வினை அசையாது. எர் கொம்ட், ஸீ கொம்ட், எஸ் கொம்ட், மூன்றுக்கும் ஒரே கொம்ட். பால் எல்லாம் பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அது பொருளின் குணத்தைச் சொல்வதில்லை, சொல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று மட்டும் சொல்கிறது. சூரியன் இங்கே டீ ஸொன, பெண். சூரிய பகவானைக் கும்பிடுகிற அம்மாவிடம் இதைச் சொன்ன அன்று எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

இன்னொன்று. எங்கள் வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டும்: கரண்டியை, கரண்டியால், கரண்டிக்கு. இவர்கள் அந்த வாலைக் கழற்றிப் பெரும்பாலும் தலையில் மாட்டியிருக்கிறார்கள். கரண்டியால் என்றால் 'மிட் டெம் லொஃபல்'. முள்ளுக்கரண்டியால் என்றால் 'மிட் டெர் காபல்'. நேற்று டீயாக இருந்தவள் இன்று டெர் ஆகிவிட்டாளே என்று நான் ஒரு மாதம் குழம்பினேன். அவள் ஆணாக மாறவில்லை, 'ஆல்' உருபு போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அதனால்தான் இந்தச் சின்னச் சொல்லை விட்டுவிட்டுக் கதைக்க முடியாது. அதை விட்டால் உருபையும் சேர்த்து விட்டதாகிவிடும்.

நான் விட்டுத்தான் பார்த்தேன், பிள்ளை. டெர், டீ, டாஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாக வாய்க்குள் 'டெ' என்று ஒரு முணுமுணுப்பு. வெளிநாட்டுக்காரர் பலரிடம் அது இருக்கும், நீ கவனித்திருப்பாய். 1999இல் உன் முதல் பள்ளி நாளன்று, உன் உயரத்துக்கு இனிப்புக் கூம்பைப் பிடித்துக்கொண்டு நின்றோமே, அன்றைக்கு ஆசிரியை முன்னால் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக அந்தக் கூம்பை 'டெர் ஷூல்ட்யூட்டெ' என்று சத்தமாகச் சொன்னேன். நீ என் கையை இழுத்து, "டீ, அப்பா, டீ!" என்றாய். ஆசிரியை சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அடுத்த பத்து வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவை அனுப்பியதற்கு வேலை நேரம் மட்டும் காரணம் இல்லை.

பேக்கரியிலும் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். ஒன்று கேட்டால் ஐன், ஐன, ஐனன் என்று பால் பார்க்க வேண்டும். இரண்டு கேட்டால் 'ட்ஸ்வை' போதும், யாரும் பிழை பிடிக்க முடியாது. "அப்பா ஏன் எப்பவும் இரண்டு பிரெட்சல் வாங்குகிறார்" என்று நீ அம்மாவிடம் கேட்பாய். அப்பாவுக்கு உன்னில் அவ்வளவு பாசம் என்று அம்மா சொல்வார். பாசம்தான், ஆனால் பிரெட்சல் டீ என்று எனக்குத் தெரியாது.

சரி, தம்பிக்கு உதவுகிற விஷயத்துக்கு வருகிறேன். சொல்லின் கடைசியைப் பார்க்கச் சொல். 'உங்' என்று முடிந்தால், மிகச் சில சொற்களைத் தவிர, டீ. இந்த நாட்டில் தபால்பெட்டிக்குள் வருகிற தொல்லைகளில் பாதி 'உங்'தான்: ரெஷ்னுங், பணம் கட்டச் சொல்வது, மானுங், ஏன் கட்டவில்லை என்பது, கியூண்டிகுங், வேலையையோ வீட்டையோ விடச் சொல்வது. எல்லாம் டீ. 'ஹைட்', 'கைட்', 'ஷாஃப்ட்' என்று முடிபவையும் அப்படியே. 'ஷென்' என்ற செல்ல வால் ஒட்டினால் டாஸ். அதனால்தான் பெண்பிள்ளை, மேட்ஷென், டாஸ் ஆனாள். மாக்ட் என்ற பழைய சொல் பெண்பால்தான், வால் ஒட்டியதும் மாறிவிட்டது. நீ பிறந்தபோது தாதி 'டாஸ் மேட்ஷென்' என்றதும், என் பிள்ளையை அஃறிணையில் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

திங்கள், செவ்வாய் போன்ற நாட்களின் பெயர்கள், மாதப் பெயர்கள், மழை, பனி எல்லாம் டெர். 'எ' என்று முடிகிற சொற்களில் பெரும்பகுதி டீ, உன் ஷூல்ட்யூட்டெ உட்பட. ஆனால் டெர் கேஸெ (சீஸ்), டாஸ் ஔகெ (கண்) என்று காலை வாருகிறவையும் உண்டு. இரண்டு சொல் சேர்ந்தால் கடைசிச் சொல்லின் பால்தான் நிற்கும். மரக்கதவு என்றால் எங்களுக்கும் கதவுதானே, மரமில்லையே. நூறு பெயர்ச்சொல்லில் ஏறக்குறைய 46 டீ, 34 டெர், 20 டாஸ் என்று டூடன் அகராதிக்காரர் எண்ணியிருக்கிறார்கள். முற்றிலும் தெரியாவிட்டால் டீ என்று சொல்வதில் கொஞ்சம் இலாபம். ஆனால் இதைத் தம்பிக்குச் சொல்லாதே, சொன்னால் படிக்கமாட்டார்.

பால் மாறினால் பொருளே மாறுகிற இடங்கள் சில உண்டு. டெர் லைட்டர் பொறுப்பாளர், டீ லைட்டர் ஏணி. தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், மேலே நின்றவர் ஏணி கொண்டு வரச் சொன்னார். என் காதில் விழுந்தது லைட்டர் மட்டும். பொறுப்பாளரின் அறைக்கதவைத் தட்டி, கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தானே போய் ஏணியை எடுத்து வந்தார்.

இவர்களுக்கே இதில் சண்டை இருக்கிறது. வெண்ணெய் டீ புட்டர், தெற்கே பலர் பேச்சில் டெர் புட்டர். 2020இல் வைத்தியர்கள் டாஸ் வீருஸ் என்றார்கள், தெருவில் பாதிப்பேர் டெர் வீருஸ் என்றார்கள். நுட்டெல்லா டீயா டாஸா என்று சாப்பாட்டு மேசையில் நீயும் உன் சிநேகிதியும் அடிபட்டதை நான் மறக்கவில்லை.

கொழும்பில் தம்பி எழுதப்போவது ஏ1 என்கிற ஆரம்ப நிலை ஜேர்மன் பரீட்சை. 100க்கு 60 எடுத்தால் போதும். ஒரு டெர் இடம் மாறியதற்காக விசா நிற்காது. ஆனால் இப்போதே சொல்லையும் பாலையும் ஒன்றாகப் படிக்கட்டும். 'ஸ்டூல் என்றால் கதிரை' என்று கொப்பியில் எழுத வேண்டாம், 'டெர் ஸ்டூல்' என்றே எழுதட்டும். நான் தனித்தனியாகப் படித்ததால் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை படிக்க வேண்டியதாயிற்று.

இந்த உறைக்குள் மூன்று நிறத்தில் ஒட்டுத்தாள் வைத்திருக்கிறேன். நீலம் டெர், சிவப்பு டீ, பச்சை டாஸ். அடுத்த மாதம் நீ போகும்போது கொண்டுபோய்க் கொடு. கதிரைக்கு நீலம், மணிக்கூட்டுக்குச் சிவப்பு, யன்னலுக்கும் சைக்கிளுக்கும் பச்சை. பூனைக்குச் சிவப்பு, ஆனால் அதற்கு ஒட்ட வேண்டாம், பிறாண்டிவிடும். மாமியிடம் முதலே சொல்லிவிடு, இல்லாவிட்டால் வீட்டை ஏலம் போடுகிறார்கள் என்று நினைப்பார்.

சனிக்கிழமை வருவாய்தானே? பிரெட்சல் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா