அரைக் கிலோ அல்வா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘ஒப்பினியனேட்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘சொந்தக் கருத்துடையவர்’ என்று பொருள் போட்டிருந்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். நேர்காணலுக்குப் போகும் பிள்ளைகள் தங்களைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டால் மதிப்பு கூடும் என்று யோசனை வேறு.

தாங்கள் அறியாததல்ல, அது பாராட்டு இல்லை, ஏச்சு. ‘ஒப்பினியன்’ வரைக்கும் குற்றமில்லை. வாலில்தான் விஷம். அடுத்தவர் பேச்சைக் காதிலேயே வாங்காமல், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரைத்தான் அப்படிச் சொல்வார்கள். சுயமாக யோசிப்பவர் என்று சொல்லத்தான் ‘இன்டிபென்டென்ட் மைண்டட்’ இருக்கிறதே.

இதை நான் அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் பாளையங்கோட்டையில் வேலை பார்த்தபோது, என்னைப் பற்றிய ரகசியக் குறிப்பில் அதிகாரி இந்தச் சொல்லை எழுதியிருப்பதாக டைப்பிஸ்ட் காதில் போட்டார். அர்த்தம் அவருக்கும் தெரியாது. இவ்வளவு நீளமான சொல் நல்லதாகத்தான் இருக்கும் என்று இருவரும் பூரித்துப்போனோம். மறுநாள் டவுனில் அரைக் கிலோ அல்வா வாங்கி அதிகாரி மேஜையில் வைத்தேன். சாப்பிட்டார். விரலில் ஒட்டிய நெய்யை என் லீவு லெட்டரிலேயே துடைத்தார். வாய் திறக்கவில்லை. சாயங்காலம் ஸ்டெனோதான் கேட்டார்: “அவரு ஏசி எழுதியிருக்காரு, நீங்க அல்வா குடுத்திருக்கியளே அண்ணாச்சி!” பதவி உயர்வு மூன்று வருஷம் தள்ளிப்போனது.

கணினிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்கிறார்களே என்பீர்கள். என் பேரனும் சொன்னான். ‘இந்த வேலையை இப்படித்தான் செய்ய வேண்டும்’ என்று முன்கூட்டியே தீர்மானித்துத் தரும் மென்பொருளுக்கு அந்தப் பெயராம். சரி, மென்பொருளுக்கு இருக்கட்டும். வேலை கேட்டு வந்த பையனுக்கு ஆகுமா?

போன வருஷம் ‘நொட்டோரியஸ்’ என்றால் ‘புகழ்பெற்ற’ என்று போட்டீர்கள். அது கெட்ட பெயர் எடுத்தவரைச் சொல்வது என்று இரண்டு கார்டு எழுதினேன், பதில் இல்லை. அப்புறம் மழை நாளில் இணைப்பே வருவதில்லை என்று எழுதியதற்கும் இல்லை. போப் ஐயர் சாயர்புரத்திலும் கால்டுவெல் இடையன்குடியிலும் இருந்துகொண்டு நம் சொல் ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்த சீமை இது. அவர்கள் சொல்லில் ஒன்றை நாம் ஒரு தடவை புரட்டிப் பார்க்கக் கூடாதா?

அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். போதும். கடிதத்தைச் சுருக்குவதானால் அல்வா விஷயத்தை எடுத்துவிடுங்கள். வீட்டில் இன்னும் தெரியாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை